ரோந்து வண்டிக்கான விலங்கு மீட்புப் பை: பயன்படுத்திய பிறகு ஒரு மதிப்பீடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பையை வாங்கலாம். காவல் நிலையத்துக்கு ஒன்று என்று வாங்கி அலமாரியில் பூட்டி வைக்காமல் ரோந்து வண்டிக்கு ஒன்று என்றே வாங்க வேண்டும். ஆனால் பிரித்த கையோடு வண்டியில் போட்டுவிடக் கூடாது. உள்ளே இருப்பதில் ஒன்றை மாற்ற வேண்டும், இல்லாத சிலவற்றைச் சேர்க்க வேண்டும், கூடவே வரும் வழிகாட்டி அட்டையில் ஒரு வரியை அழுத்தமாக அடித்துவிட வேண்டும்.

நான் கால்நடை மருத்துவர். சாலையில் அடிபட்டதோ, நோயில் விழுந்து கிடந்ததோ, நடுராத்திரியில் என் மேசைக்கு வரும் விலங்குகளில் பலவற்றைத் தூக்கி வருபவர்கள் காவலர்கள்தான். விபத்து நடந்த இடத்துக்கு வேறு யாரும் வருவதற்கு முன்னால் அவர்கள் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். முதல் பத்து நிமிடம் எப்படிக் கழிந்தது என்பது விலங்கை மேசையில் கிடத்தியதுமே எனக்குத் தெரிந்துவிடும். கழுத்தைச் சுற்றிக் கயிறு இறுகிய தடம் இருக்கும். தார்ச்சாலையில் இழுத்ததில் விலாப்பக்கத் தோல் உரிந்திருக்கும். அது வண்டி மோதிய காயம் இல்லை, அதற்கப்புறம் வந்தது. அந்தக் காயங்களைத் தவிர்க்க முடியும் என்பதால்தான் இந்தப் பை விஷயத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை.

எனக்குப் பழக்கமான ஒரு நிலையத்தில் இதை வாங்கியபோது, எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித்தர என்னைக் கூப்பிட்டார்கள். சில மாதங்கள் ஓடிய பிறகு பையைத் திரும்பக் கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் மேசையில் கொட்டினேன். எது கறைபடிந்து தேய்ந்திருக்கிறது, எது உறைகூடப் பிரிக்காமல் கிடக்கிறது என்று பார்த்தாலே பாதி மதிப்பீடு முடிந்துவிடும்.

அதிகம் தேய்ந்திருந்தது போர்வை. பையில் இரண்டு இருக்கின்றன, இரண்டுமே நன்றாக உழைத்திருந்தன. வண்டியில் அதிகம் போகும் ஏட்டு ஒருவர் சொன்னார்: “டாக்டரம்மா, கம்பை எடுத்தாலே அது எழுந்து ஓடப் பார்க்குது. போர்வையை மேல போட்டா அப்படியே அடங்கிடுது.” அவர் சொல்வது முழுக்கச் சரி. வலியில் இருக்கும் விலங்குக்குத் தன்னைச் சுற்றி நிற்கும் எல்லோருமே எதிரிகள். கண்ணை மறைத்துவிட்டால் பயம் பாதி குறையும். ரத்தம் போய் உடல் சில்லிட்டிருந்தால் சூடும் காக்கும். பல்லுக்கும் நகத்துக்கும் நம் கைக்கும் நடுவில் ஒரு தடுப்பும் ஆகும். அப்படியே நான்கு முனையையும் பிடித்துத் தூக்கவும் செய்யலாம். பையில் இருக்கும் வேறு எந்தப் பொருளும் ஒரே நேரத்தில் இத்தனை வேலை செய்வதில்லை.

போடும் விதம் முக்கியம். நேருக்கு நேர் போய் வீசக் கூடாது. பக்கவாட்டிலிருந்து குனிந்து வந்து, முதலில் தலையை மூடி, அப்புறம் உடம்பை மூடி, மூக்குக்கு மட்டும் காற்று போக வழி விட வேண்டும். பூனை என்றால் நான்கு காலும் உள்ளே போகும்படி சுருட்டிவிட வேண்டும், ஒரு பாதம் வெளியே இருந்தாலும் கை கிழிந்துவிடும். இந்தப் பையின் போர்வை நெருக்கமான நெசவு, நகம் சிக்குவதில்லை. குளியல் துண்டு மாதிரி நூல் வளையம் வளையமாக நிற்கும் துணியில் பூனையின் நகம் மாட்டிக்கொண்டு, அது இன்னும் மிரளும். இதைத் தயாரித்தவர்கள் அதை யோசித்திருக்கிறார்கள், பாராட்ட வேண்டும்.

மான் போன்ற காட்டு விலங்குகளுக்குப் போர்வை இன்னும் அவசியம். துரத்திப் பிடித்த மானுக்குக் காயமே இல்லாவிட்டாலும், பயத்திலும் ஓட்டத்திலும் தசைகள் சிதைய ஆரம்பித்து, சில மணி நேரத்திலோ சில நாள் கழித்தோ இறந்துவிடும். பிடித்தவர்கள் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்கள். அதனால் மான் விஷயத்தில் துரத்தவே கூடாது. கண்ணைக் கட்டி, பேச்சை நிறுத்தி, கூட்டத்தை விலக்கி, வனத்துறைக்குச் சொல்லிவிட்டுக் காத்திருப்பதுதான் சிகிச்சையின் முதல் பகுதி.

அடுத்து ஸ்ட்ரெச்சர். கனமான தார்ப்பாய்த் துணி, இரண்டு பக்கமும் பிடிகள், குறுக்கே இரண்டு பட்டைகள். பெரிய நாயை இரண்டு பேர் தூக்க இது போதும். தையல் எங்கேயும் விடவில்லை, பிடிகள் உறுதியாக இருக்கின்றன. ஒரு குறை, நடுவில் தொய்கிறது. முதுகெலும்பு முறிந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் இந்தத் தொய்வே கேடு செய்யும். அடியில் வைக்க ஒரு மெல்லிய பலகை சேர்த்தால் சரியாகிவிடும். பலகை கிடைக்காத இடத்தில் அந்த ஏட்டு வண்டியின் பின்பக்கத் தட்டையே கழற்றி அடியில் வைத்துக் கொண்டுவந்தார், அதுவே போதுமானதாக இருந்தது. நாயைப் பலகைமேல் தூக்கி வைக்கக் கூடாது, முதுகுப் பக்கமாக நகர்த்தி ஏற்ற வேண்டும். தோளுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று என்று பட்டை கட்டினால் போதும், கழுத்தில் எதுவும் வேண்டாம்.

இப்போது சுருக்குக் கம்பு. நீண்ட குழாய், முனையில் கம்பி வளையம், பின்னால் இழுத்தால் இறுகும். பையிலேயே பெரிய பொருள் இதுதான், திறந்ததும் கண்ணில் படுவதும் இதுதான். அதனாலேயே கை முதலில் இதற்குப் போகிறது. எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. கம்பு கடைசி வழி. கடிக்க வரும், தெருவில் ஓடி இன்னொரு வண்டிக்கு அடியில் போய்விடும் என்ற நிலையில் உள்ள நாய்க்கு மட்டும்தான் அது. அப்போதும் கழுத்தை மட்டும் சுற்றாமல், முன்னங்கால் ஒன்றும் உள்ளே வரும்படி வளையத்தைப் போட்டால் மூச்சு அடைக்காது. கம்பில் மாட்டித் தூக்கவே கூடாது. பூனைக்குக் கம்பு வேண்டவே வேண்டாம், அதன் கழுத்து அந்த இழுப்பைத் தாங்காது.

இந்தப் பையோடு வந்த கம்பில் ஒரு கடுமையான பழுதும் இருக்கிறது. வளையத்தைத் தளர்த்தும் பொத்தானில் மணல் புகுந்தால் சிக்கிக்கொள்கிறது. நான் கையில் வாங்கி இழுத்துப் பார்த்தபோது இறுகியது, விடவில்லை. பொத்தானைப் பல தடவை அழுத்தி, திருகி, தட்டிய பிறகுதான் விட்டது. வளையத்துக்குள் நாயின் கழுத்து இருந்திருந்தால் அவ்வளவு நேரம் அதற்கு மூச்சு இல்லை. இதைத்தான் மாற்றச் சொல்கிறேன். ஒரே இழுப்பில் தளரும் பூட்டு உள்ள கம்பு சந்தையில் கிடைக்கிறது. மாற்றும்வரை, பணி மாறும் ஒவ்வொரு முறையும் பொத்தானைச் சோதித்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுக்கட்டும்.

வாய்க்கட்டு மூன்று அளவில் வருகிறது, நைலான் துணி. வாயை முழுக்க மூடிவிடும் வகை. நாய்க்கு நாக்கை நீட்டி இளைத்தால்தான் உடல் சூடு தணியும், அதனால் இதைச் சில நிமிடத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வாந்தி எடுக்கும் நாய், மூச்சு வாங்கும் நாய், மயங்கிய நாய், முகத்தில் அடிபட்ட நாய், பக் போன்ற சப்பை மூக்கு நாய் இவற்றுக்கு இதைப் போடவே கூடாது. மற்றபடி போடுவதில் தயங்க வேண்டாம். எவ்வளவு சாதுவான வீட்டு நாயும் வலியில் கடிக்கும், வளர்த்தவரையே கடிக்கும். பையில் இருக்கும் மூன்றும் பொருந்தாவிட்டால் காஸ் துணிப் பட்டையே போதும். மூக்கைச் சுற்றி ஒரு வளையம், தாடைக்குக் கீழே குறுக்கே கொண்டுபோய், காதுக்குப் பின்னால் அவிழ்க்கக்கூடிய முடிச்சு. அந்த நிலையத்தில் எல்லோரும் இப்போது இதை வேகமாகப் போடுகிறார்கள்.

கையுறை முழங்கைவரை வரும் தடித்த தோல். கடியின் வேகத்தைக் குறைக்கும், முழுக்கத் தடுக்காது. பூனையின் கோரைப்பல் இதைத் துளைத்துவிடும். அதைவிடப் பெரிய சங்கடம், இதைப் போட்டுக்கொண்டால் விரலுக்கு உணர்ச்சியே இல்லை, எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாமல் நசுக்கிவிடுவோம். பறவைக்கு இந்தக் கையுறை எமன். பறவைகளுக்கு நம்மைப் போல உதரவிதானம், அதாவது மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசை, கிடையாது, மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். மார்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்தால் கையிலேயே மூச்சு நின்றுவிடும். மெல்லிய துணியைப் போட்டு, இறக்கைகளை உடம்போடு சேர்த்து, மார்பை விட்டுவிட்டு எடுக்க வேண்டும். கழுகு, பருந்து வகைகளில் கவனிக்க வேண்டியது கால் நகம். கொக்கு, நாரை என்றால் அலகு, அது நேராகக் கண்ணுக்கு வரும்.

மடக்கி வைத்திருக்கும் அட்டைப்பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காற்றோட்டத் துளை இருக்கிறது, இருட்டாக இருக்கிறது, பூனைக்கும் பறவைக்கும் அதுவே வேண்டியது. மழையில் நனைந்தால் போச்சு, இரண்டாவதாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலுதவிப் பொருட்கள் தனிச் சிறு பையில் இருக்கின்றன. காஸ், பேண்டேஜ், சலைன், கத்தரிக்கோல், தலையில் மாட்டும் விளக்கு. போதும். ரத்தம் வழிந்தால் துணியை வைத்து அழுத்த வேண்டும், நனைந்தாலும் எடுக்காமல் மேலே இன்னொன்றை வைத்து அழுத்த வேண்டும். குடல் வெளியே வந்திருந்தாலோ, விழி பிதுங்கியிருந்தாலோ உள்ளே தள்ளக் கூடாது, சலைனில் நனைத்த துணியால் மூடிவிட வேண்டும். கம்பி குத்தியிருந்தால் பிடுங்கக் கூடாது.

இதையெல்லாம்விட நான் சொல்லிக்கொடுத்ததில் அவர்களுக்கு மிகவும் கைகொடுத்தது ஈறு பார்ப்பதுதான். கடிக்காத நிலையில் இருக்கும் நாயின் உதட்டைத் தூக்கி, ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, 2 நொடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். ஈறே வெளிறியிருந்தாலோ, நிறம் திரும்ப நேரம் பிடித்தாலோ உள்ளே ரத்தக் கசிவு இருக்கலாம், உடல் அதிர்ச்சி நிலைக்குப் போய்க்கொண்டிருக்கலாம். இப்போதெல்லாம் வண்டியிலிருந்தே கூப்பிட்டு, “ஈறு வெள்ளையா இருக்கு டாக்டர், அழுத்தினா நிறம் வர லேட்டாகுது” என்று சொல்கிறார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் ஆக்சிஜனும் நரம்பில் ஏற்றும் திரவமும் எடுத்து வைத்துவிடுவேன். இந்த ஒரு தகவலுக்குப் பையில் எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

இப்போது அந்த வழிகாட்டி அட்டை. பிளாஸ்டிக் உறையிட்டு, இரண்டு பக்கமும் நெருக்கி அச்சடித்திருக்கிறார்கள். பகல் வெளிச்சத்தில் மேசையில் வைத்துப் படிக்க நன்றாகத்தான் இருக்கும். சாலையோரத்தில் தலைவிளக்கின் ஒளி பிளாஸ்டிக்கில் பட்டுத் தெறிக்கும்போது ஓர் எழுத்தும் தெரியாது. “விலங்கு தாகமாக இருந்தால் தண்ணீர் கொடுக்கவும்” என்று ஒரு வரி இருக்கிறது பாருங்கள், அதைத்தான் அடிக்கச் சொன்னேன். அரை மயக்கத்தில் இருக்கும் விலங்கின் வாயில் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். பறவையின் அலகைப் பிரித்து ஊற்றினாலும் அதேதான். சற்று நேரத்தில் மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்ய வேண்டியிருக்கலாம், அப்போது வயிறு காலியாக இருப்பது நல்லது. வெயிலில் மூடிய காரில் அடைபட்டு மயங்கிய நாய் மட்டும் வேறு கணக்கு. அதற்கும் வாயில் ஊற்றக் கூடாது. உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, காற்று வீசி, முதலில் சூட்டைத் தணித்துவிட்டு அப்புறம் வண்டியில் ஏற்ற வேண்டும்.

நோயுற்ற விலங்கைப் பற்றி அட்டையில் ஏறக்குறைய எதுவுமே இல்லை. எல்லாமே விபத்துக் காயம். ஆனால் நிலையத்துக்கு வரும் அழைப்புகளில், “நாய் தள்ளாடுது, வாயில் நுரை வருது, வெறி பிடிச்சிருக்கு, சுட்டுடுங்க” என்பதும் உண்டு. தள்ளாடுவதெல்லாம் வெறிநோய் இல்லை. டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயில் வலிப்பு வரும், தாடை எதையோ மெல்வது போல் ஆடும். விஷம் தின்றிருக்கலாம், தலையில் அடிபட்டிருக்கலாம், காதுக்குள் கடும் தொற்று இருக்கலாம். எட்ட நின்று பார்த்து இன்னது என்று முடிவு கட்ட என்னாலேயே முடியாது. காவலர் செய்ய வேண்டியது, கேட்டை மூடி, ஆட்களை விலக்கி, அதை ஓரிடத்தில் தனியாக நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிடுவது. எச்சில் ஒழுகும் மாட்டின் வாயில் கையை விட்டு, தொண்டையில் என்ன அடைத்திருக்கிறது என்று துழாவுவதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். வெறிநோய் வந்த மாடு பார்ப்பதற்குத் தொண்டையில் ஏதோ சிக்கியதைப் போலவேதான் இருக்கும்.

அதனால் நான் பையில் முதலில் சேர்த்த பொருள் சோப்பும் ஒரு கேன் தண்ணீரும். கடியோ கீறலோ பட்டால் அந்த இடத்திலேயே 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவ வேண்டும், அதன் பிறகு தடுப்பூசிக்குப் போக வேண்டும். இது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முதல் படி. இத்தனை பொருள் வைத்தவர்கள் சோப்பை எப்படி விட்டார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்ததாக, பையில் இல்லாத ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொல்வதற்கான எதுவும் இதில் இல்லை. அது சரியான முடிவு. ஆனால் காவலரின் இடுப்பில் துப்பாக்கி இருக்கிறது, நாமும் அதை மறந்துவிட்டுப் பேச முடியாது. அட்டையில் இதற்கு ஒரே ஒரு வரிதான்: “பிழைக்க வாய்ப்பில்லை எனில் துறை விதிகளின்படி நடக்கவும்.” பிழைக்க வாய்ப்பில்லை என்பதை யார் சொல்வது?

பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு முன்னங்காலால் ஊர்ந்து வரும் நாயைப் பார்த்தால் யாருக்கும் முதுகு முறிந்துவிட்டது என்றுதான் தோன்றும். பல சமயம் முறிந்திருப்பது இடுப்பெலும்பு. சில வாரம் கூண்டு ஓய்வில் வைத்தாலே அவற்றில் நிறைய நாய்கள் எழுந்து நடக்கும். தாடை தொங்கிக்கொண்டு ரத்தம் வழியும் பூனை பார்க்கவே சகிக்காது, கம்பி கட்டினால் சேர்ந்துவிடும். கால் நசுங்கினால் எடுத்துவிடுவோம், மூன்று காலில் நாய் ஓடும். மறுபக்கம், கார் மோதியதும் எழுந்து உதறிக்கொண்டு நடந்து போன நாய்க்கு உதரவிதானம் கிழிந்து குடல் மார்புக்குள் ஏறியிருக்கும், மண்ணீரலில் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். “அதுக்கு ஒண்ணுமில்ல, நடந்து போயிடுச்சு” என்று விட்டுவிட்டால் மறுநாள் செத்துக் கிடக்கும். வெறும் கண் பார்வை இரண்டு பக்கமும் ஏமாற்றும். அதனால் முடிவை மருத்துவரிடம் விடுங்கள், வர முடியாவிட்டால் வீடியோ அழைப்பிலாவது காட்டுங்கள் என்று கேட்கிறேன்.

சட்டமும் இதைத்தான் பல இடங்களில் சொல்கிறது. இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். நகர்த்தினாலே கொடுமை என்னும் அளவுக்குக் காயப்பட்ட விலங்கை, உரிமையாளர் அங்கே இல்லாதபோதோ சம்மதிக்காதபோதோ, கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட பதவியில் உள்ள காவலர் கால்நடை மருத்துவரை வரவழைத்துச் சான்று பெற்று, நடுவரின் (மாஜிஸ்திரேட்) உத்தரவும் வாங்கிய பிறகே கொல்லலாம். ஊருக்கு ஊர் விதி மாறும். அந்தந்த இடத்து விதியை நான்கு வரியில் பெரிய எழுத்தில் எழுதி, மருத்துவரின் இரவு எண்ணையும் சேர்த்து, பையின் மூடியில் உள்பக்கமாக ஒட்டிவிட்டோம். நெதர்லாந்தில் 2011 முதல் விலங்குகளுக்கென்றே 144 என்று தனி எண் இருக்கிறது. அப்படி ஒன்று இல்லாத இடத்தில் மூடியில் ஒட்டிய எண்தான் கதி.

மருத்துவர் வர வழியே இல்லை, விலங்கு தாங்க முடியாத வேதனையில் இருக்கிறது, சட்டமும் அனுமதிக்கிறது என்ற நிலையும் வரும். அப்போது தள்ளிப்போடுவதும் கொடுமைதான். ஆனால் அதைச் செய்பவர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். மாட்டையும் குதிரையையும் இரண்டு கண்ணுக்கு நடுவில் சுட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே சுட்டால் குண்டு மூக்குக் குழிக்குள் போகும். மூளை அதற்கு மேலே, நெற்றியில் இருக்கிறது. துப்பாக்கி முனையைத் தோலோடு அழுத்தவும் கூடாது. வெறிநோய்ச் சந்தேகம் இருந்தால் தலையில் சுடவே கூடாது, ஏனென்றால் பரிசோதனைக்கு மூளைதான் வேண்டும், அது சிதைந்துவிட்டால் கடிபட்ட மனிதருக்கு விடை கிடைக்காது. பின்னால் என்ன இருக்கிறது, குண்டு தெறித்தால் எங்கே போகும் என்று பார்க்க வேண்டும். குழந்தைகளை விலக்க வேண்டும், உரிமையாளர் இருந்தால் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். முடிந்த பிறகு கால்கள் சற்று நேரம் உதைக்கலாம், அது உயிர் இருப்பதன் அடையாளம் இல்லை. விழியின் மேற்பரப்பைத் தொட்டால் இமை அசையாமல், மூச்சும் இதயத் துடிப்பும் நின்றிருக்கின்றனவா என்று சில நிமிடம் அங்கேயே இருந்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் நகர வேண்டும். அட்டையில் இவ்வளவும் வேண்டும். ஒற்றை வரியில் முடிக்கிற விஷயம் இல்லை இது.

பெரிய விலங்குகளுக்கு இந்தப் பை உதவாது. பெட்டியில் “எல்லா விலங்குகளுக்கும்” என்று போட்டிருப்பதை நான் ஏற்கவில்லை. மாடு, குதிரை, கழுதைக்கு இதில் பயன்படுவது போர்வையும் தலைவிளக்கும் மட்டுமே. நல்ல அகலமான தலைக்கயிறு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், மற்றது எல்லாம் நடந்துகொள்ளும் விதத்தில் இருக்கிறது. சைரனையும் சுழல்விளக்கையும் அணைக்க வேண்டும். பின்னாலிருந்து போகாமல் தோள் பக்கமாக, பேசிக்கொண்டே போக வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிட்ட மாட்டை மார்பு தரையில் படும்படி நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றில் வாயு சேர்ந்து உப்பி மூச்சை அடைத்துவிடும். காலில் கயிறு கட்டி இழுக்கக் கூடாது, அகலமான பலகையிலோ கனமான தார்ப்பாயிலோ உருட்டி ஏற்றித்தான் நகர்த்த வேண்டும்.

மிரண்டு ஓடும் மாட்டைப் பொறுத்தவரை அவசரமே ஆபத்து. 2024 ஜூனில் லண்டனுக்கு மேற்கே ஸ்டெயின்ஸ் பகுதியில் தப்பி வந்து தெருவில் திரிந்த ஓர் இளம் கன்றைக் காவல்துறை வண்டி இரண்டு முறை மோதித் தள்ளிய காட்சியை உலகமே பார்த்தது. கன்று பிழைத்துக்கொண்டது. மக்களுக்கு ஆபத்து என்ற பயம் காவலருக்கு இருந்திருக்கும், அதை நான் மறுக்கவில்லை. வண்டிகளை எட்ட நிறுத்தித் தெருவின் முனைகளை அடைத்து, மந்தையிலிருந்து இன்னொரு மாட்டைக் கொண்டுவந்து நிறுத்தினால் பெரும்பாலும் தானாக அதனிடம் வந்துவிடும். மயக்க ஊசி போடும் ஆள் வந்தாலும் ஊசி பட்ட உடனே விலங்கு விழாது, பல நிமிடம் ஆகும், மிரண்டிருந்தால் இன்னும் நேரம் எடுக்கும். அந்த இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளவும் காவலருக்குப் பயிற்சி வேண்டும். அமெரிக்காவின் கொலராடோவில் 2013இல் காவலர்களுக்கு நாய்களின் நடத்தை பற்றிய பயிற்சியைச் சட்டமாகவே கொண்டுவந்தார்கள். பையை வாங்குகிறவர்கள் ஒரு நாளாவது அப்படியான பயிற்சியோடு சேர்த்து வாங்க வேண்டும்.

சிப் ரீடர் சில பதிப்புகளில் மட்டும் வருகிறது. இருக்கும் பதிப்பையே வாங்குங்கள். தோலுக்கடியில் சிப் வைத்த விலங்கு என்றால் 15 இலக்க எண் திரையில் வரும், அதை வைத்து உரிமையாளரைத் தேடலாம். தோள்பட்டைகளுக்கு நடுவில் மட்டும் தேய்த்துவிட்டு இல்லை என்று விட்டுவிடாதீர்கள், சிப் நகர்ந்து முன்னங்கால் பக்கம்வரை வந்துவிடுவது உண்டு. மெதுவாக, இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். இறந்துபோன விலங்கையும் பார்க்க வேண்டும், வீட்டில் ஒருவர் தேடிக்கொண்டிருப்பார். பிரிட்டனின் 1988 சாலைப் போக்குவரத்துச் சட்டம் நாய், குதிரை, மாடு, ஆடு முதலியவற்றின்மேல் வண்டி மோதினால் ஓட்டுநர் நிற்க வேண்டும் என்கிறது, அந்தப் பட்டியலில் பூனை இல்லை. பட்டியலில் இல்லாத விலங்குக்கும் காவலர் ஒரு நிமிடம் ரீடரை ஓட்டிப் பார்க்கலாம்.

கடைசியாக, சுத்தம். பையோடு ஒரு சிறிய கிருமிநாசினிப் புட்டி வருகிறது, அதை நம்ப வேண்டாம். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் சாதாரணக் கிருமிநாசினிகள் பலவற்றுக்குச் சாகாது, துணியிலும் தரையிலும் மாதக்கணக்கில் இருக்கும். இன்று பார்வோ வந்த நாயைச் சுற்றிய போர்வையைத் தட்டி மடித்து வைத்துவிட்டு, அடுத்த வாரம் சாக்கடையில் விழுந்த ஆரோக்கியமான குட்டியை அதிலேயே சுற்றினால் அதற்கும் தொற்றும். முதலில் சோப்புப் போட்டு அழுக்கைக் கழுவிவிட்டு, 1 பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்த கரைசலில் 10 நிமிடம் ஊறவைத்து அலசி, வெயிலில் காயப்போட வேண்டும். அதுவரை வண்டி போர்வையில்லாமல் போகக் கூடாது என்பதால் பையில் இருக்கும் இரண்டோடு இன்னும் இரண்டு வாங்கி நிலையத்தில் வைத்திருக்கிறோம். கம்பு, கையுறை, ஸ்ட்ரெச்சர் மூன்றையும் ஒவ்வொரு முறையும் துடைப்பதற்கும், தீர்ந்த காஸையும் சலைனையும் நிரப்புவதற்கும், ரீடரைச் சார்ஜில் போடுவதற்கும் ஓர் ஆளின் பெயரைப் பணிப்பட்டியலில் எழுத வேண்டும். அந்த நிலையத்தில் அந்த வேலையை அதே ஏட்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.